இத்தா காலத்திற்குள்



முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். "கீழ்க்காணும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக" என்னும் பகுதியை எத்தனை ஆயிரம் தாள்களில் திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு மாணவர்களிடம் நான் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: பத்தியில் இருப்பதை எழுது, உனக்குத் தெரிந்ததை எழுதாதே. அந்த அறிவுரையை நானே மீறிய ஓரிடம் என் வாழ்வில் உண்டு. அதை என் கடைசி மகளின் பயிற்சித்தாள்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

அவள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் இத்தேர்வின் வழியாகவே இளநிலைச் சேர்க்கை நடைபெறுகிறது. இரண்டு மணி நேரம், 120 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். 2020 முதல் தேர்வு முழுவதும் பத்தியைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறிவிட்டது. சட்டப் பகுதியிலும் முன்கூட்டிய சட்ட அறிவு தேவையில்லை. பத்தி என்ன விதியைத் தருகிறதோ அதைக் கொண்டே விடை காண வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். உண்மையில், விஷயம் தெரிந்த பிள்ளைகள்தாம் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள்.

மஃரிபுக்குப் பின் கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் படிப்பாள். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் உள்ளே வராதிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் உடன் அமர்வேன். என் ஆங்கிலம் மெதுவானது. ஆகவே ஒவ்வொரு வரியையும் இருமுறை படிப்பேன். அன்று வந்த பத்தி 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தைப் பற்றியது. மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு முன்னாள் கணவர் செய்ய வேண்டியது என்ன என்பது வினா. "இத்தா காலச் செலவு மட்டும்" என்ற விடையை மகள் தயங்காமல் குறித்தாள். விடைத்தாளோ அது தவறு என்றது.

"மத்ரஸாவில் அப்படித்தானே சொன்னார்கள், அத்தா?" என்றாள்.

"மத்ரஸாவில் சொன்னதை இங்கே யாரும் கேட்கவில்லையம்மா. இந்தத் தாளில் என்ன இருக்கிறது, பார்" என்றேன்.

பார்த்தோம். நியாயமான ஏற்பாட்டையும் பராமரிப்பையும் கணவர் இத்தா காலத்திற்குள் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு. இத்தா காலத்திற்குள் என்பதற்கும் இத்தா காலத்திற்கு என்பதற்கும் இடையே தமிழில் இருப்பது 'உள்' ஒன்றே. 2001 செப்டம்பர் 28 அன்று டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த ஒரு சொல்லின்மீதே நின்றது. இத்தா காலம் என்பது கொடுத்து முடிப்பதற்கான கெடு. கொடுப்பது அவளுடைய பிற்கால வாழ்வுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று அமர்வு பொருள் கொண்டது. (வழக்குக்குப் பெயர் தந்த டேனியல் லத்தீஃபி, இந்தூரின் ஷா பானுவுக்காக வாதாடிய அதே வழக்கறிஞர். மாதம் 179 ரூபாய் 20 காசுக்காக நடந்த அவ்வழக்கில் 1985இல் வந்த தீர்ப்பின் சர்ச்சையிலேயே 1986 சட்டம் பிறந்தது.)

நஃபகா எதுவரை என்பதில் ஃபிக்ஹு நூல்கள் கூறுவதை விளக்க நான் ஆலிம் அல்லன். தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கான 'மதாஉ' பற்றி அல்பகராவின் 241ஆம் வசனம் பேசுகிறது என்பதை மட்டும் அறிவேன். என்னை அன்று உலுக்கியது வேறொன்று.

2003இல் என் தங்கைக்கு மணவிலக்கு நடந்தது. கையில் ஒன்றரை வயதுப் பையன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மஹர் பாக்கி, மூன்று மாதச் செலவு, அத்துடன் முடிந்தது என்று எழுதிய தாளை, வலியாக இருந்த என்னிடம் நீட்டினார்கள். "சட்டமும் இதைத்தான் சொல்கிறது" என்றார் ஒருவர். சட்டத்தை எவரும் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. தமிழாசிரியரான நான், படிக்காத ஒரு பத்திக்கு விடையெழுதிக் கையொப்பமும் இட்டேன். தீர்ப்பு வந்து அப்போது ஏறத்தாழ ஈராண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் தங்கை தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டே பையனை வளர்த்தாள்.

அன்றிரவும் அவள் அதே கூடத்தில் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு நின்றதைக் கவனித்துத் தலைநிமிர்ந்தாள்.

"என்ன அண்ணே, பிள்ளை தப்பாப் போட்டுட்டாளா?"

மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, "அந்த வரியை இன்னொரு தரம் படிங்க" என்றாள். மகள் தமிழாக்கிப் படித்தாள். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து இஷாவுக்கு உளூச் செய்ய எழுந்து போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் மகளிடம் ஹதீஸ் கலையின் ஒரு சொல்லைப் பற்றிப் பேசினேன்: 'முத்ரஜ்'. அறிவிப்பாளர் தம் விளக்கமாகச் சொன்னது நபிமொழியின் வாசகத்தோடு கலந்துபோனால் அதற்கு அப்பெயர். அவர் பொய்யராக இருக்க வேண்டியதில்லை. நல்லவராக, நினைவாற்றல் மிக்கவராகவே இருக்கலாம். ஆயினும் கலந்ததைக் கலந்தது என்றே நம் முன்னோர் குறித்தார்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்பஃக்தாதீ இதற்கென்றே தனி நூல் எழுதினார். "அப்படியானால் நான் குறித்த விடை முத்ரஜ்" என்று மகள் சிரித்தாள். என் கையொப்பத்துக்கு என்ன பெயர் என்று அவள் கேட்கவில்லை.

அதன்பின் அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். விடையைக் குறிக்குமுன், அதற்கு ஆதாரமான வரியைப் பென்சிலால் தொட்டுக் காட்டுவாள். வரி அகப்படாவிட்டால் அந்த விடையை விட்டுவிடுவாள். தொடக்கத்தில் வேகம் குறைந்தது. ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது.

2025 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணிக்குத் தேர்வு. லுஹரை வீட்டிலேயே முன்னேரத்தில் முடித்துக்கொண்டு மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். தங்கையும் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். பிள்ளைகள் உள்ளே சென்றபின் நாங்கள் இருவரும் வெளியே ஒரு மரநிழலில் அமர்ந்திருந்தோம். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் இருந்ததை அங்கேதான் சொன்னேன்: "நான் அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும்."

"ஆமாம், படிச்சிருக்கணும்" என்றாள்.

நான்கு மணிக்கு மகள் வெளியே வந்தாள். மூவரும் அஸர் தொழ அருகிலிருந்த பள்ளியைத் தேடி நடந்தோம்.