நயினாதீவு வள்ளத்துக்கு எட்டு யன்னல்

காங்கேசன்துறை வீதியில், சுன்னாகம் சந்தை இரைச்சல் சற்று அடங்கும் இடத்தில் அந்த அலுமினியக் கடை. வீட்டுக் கதவு, குளியலறைத் தடுப்பு, சாமிப் படத்துக்குச் சட்டம் என்று எந்த நேரமும் ஏதாவது வெட்டிக்கொண்டிருப்பார்கள். அன்று மேசையில் பரவிக் கிடந்தவை எட்டு மட்டைத் துண்டுகள். பிஸ்கட் பெட்டியை விரித்து வெட்டியவை. 'இடது 1', 'வலது 3' என்று நீல மையில் எழுதியிருந்தது. ஒன்றின் அளவு மற்றதற்கு இல்லை. கையால் கட்டிய மரவள்ளத்தில் இடமும் வலமும் ஒத்துப்போனால்தான் அதிசயம்.

மட்டைகளோடு வந்த பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்புரை எடுத்து அதிக நாளில்லை என்பது பேச்சில் தெரிந்தது. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஓடுகிற வள்ளம் அவருடையது. இப்போது மகன் ஓட்டுகிறார்.

"கண்ணாடி வேண்டாம் தம்பி. முந்தி ஒருக்கால் போட்டு, ஒரு பிள்ளையின்ரை முழங்கை பட்டு..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை.

"கண்ணாடி ஆர் ஐயா போடுவினம்? பெர்ஸ்பெக்ஸ்தான். ஆறு மில்லி."

மாதிரிக்குக் கொண்டுவந்த பழைய யன்னலைக் கடைப் பெடியன் வெளிச்சத்தில் பிடித்தான். மங்கிப்போய், உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகள். "உதை என்னத்தாலை துடைச்சனியள்?"

"தின்னராலை. பெயின்ற் தெறிச்சுக் கிடந்தது."

பெடியன் நாக்கைச் சப்பினான். தின்னரும் பெற்றோலும் இந்தப் பிளாஸ்ரிக்குக்கு ஆகாது. பட்ட இடம் நுணுக்கமாக வெடித்துப்போகும். ஆனால் அவன் விரல் அங்கே நிற்கவில்லை. திருகாணித் துளைகளுக்குப் போனது. ஏறக்குறைய எல்லாத் துளையிலிருந்தும் ஒரு வெடிப்புப் புறப்பட்டு ஓரம்வரை போயிருந்தது.

கோளாறு தின்னரில் மட்டும் இல்லை. முன்பு பூட்டியவர் ஆணியின் பருமனுக்கே துளை போட்டு, வலுவாக இருக்கட்டும் என்று இறுக்கிவிட்டிருக்கிறார். வெயிலில் பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியைப்போல ஏழெட்டு மடங்கு விரியும். மூன்றடித் துண்டொன்று விடிகாலைக் குளிருக்கும் நடுப்பகல் கொதிப்புக்கும் இடையில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். ஆணி இடம் விடாவிட்டால் தகடு வெடிக்கும். பெடியன் ஆணியைவிடப் பெரிய துளைகளாகவே போட்டான். ட்ரில்லை மெதுவாக விட்டான். வேகம் கூடினால் தகடு உருகி ஒட்டும். மேலே ஒட்டியிருந்த கடதாசியை உரிக்கவில்லை. மூலைகளை அரத்தால் உருட்டினான். நல்ல கை. கூர்மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பல தகடுகளை உடைத்துப் பழகியிருக்க வேண்டும்.

பெரியவரின் கண்ணுக்குள் இப்போது இருக்கிற வில்லையும் அநேகமாக இந்தத் தகட்டுக்குச் சொந்தம்தான். பெர்ஸ்பெக்ஸ் 1930களில் இங்கிலாந்தில் வந்து போர்விமான மூடிகளுக்குப் போனது. அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த அதன் துணுக்குகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்ற லண்டன் வைத்தியர், 1949இல் அதே வகைப் பொருளில் வில்லை செய்து ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். பெரியவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சட்டம் போடக் கொடுத்த படத்துக்காகக் கதிரையில் காத்திருந்த எனக்கு அங்கே வாயில்லை.

"சட்டம் அலுமினியத்திலை அடிச்சுத் தரட்டோ?"

"வேண்டாம். உப்புத் தண்ணிக்கு எவர்சில்வர் ஆணியும் அலுமினியமும் சேராது. வெள்ளை வெள்ளையாய்ப் பொரிஞ்சு உதிரும். மரத்திலை எங்கடை ஓடாவி பாப்பார்." சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே பழுப்புத் தூள். பழைய சட்டத்துக்குப் பின்னால் இருந்த மரமாம். ஆணித்துளை வழியே கசிந்த தண்ணீர் வெளியே தெரியாமல் மரத்துக்குள் இறங்கி, பூசின வர்ணத்தை மட்டும் மிச்சம் விட்டிருக்கிறது. யன்னலை மாற்றுவதில் தகடு வெட்டுவது சின்ன வேலை. அழுகலைச் சுரண்டி நல்ல மரம் வரும்வரை போவதுதான் வேலை.

ஒட்டுகிற பேச்சு வந்தபோது இழுபறி தொடங்கியது.

"எட்டையும் இறுக்கி அடைச்சுவிடுவம் ஐயா. றபர் வார் வைச்சு, ஓரத்துக்குச் சிலிக்கன் அடிச்சால் ஒரு துளி உள்ளுக்கு வராது."

"ரெண்டு திறக்க வேணும். பக்கத்துக்கு ஒண்டு."

"சோளகத்துக்குத் தண்ணி அடிக்கும்."

"அடிக்கட்டும். நனைஞ்சால் காயும்." பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பெடியனைப் பார்த்தார். "கீழை அவ்வளவு சனம் இருக்கும். வாசல் ஒண்டு. விளங்குதோ?"

பெடியன் பதில் பேசவில்லை. இரண்டு மட்டைகளைப் பிரித்து வைத்து, அவற்றில் கீல் என்று எழுதினான்.

பாய் விரித்த காலத்தில் இந்தக் கரைச்சல் இல்லை என்றார் பெரியவர். மேலே வானம், சுற்றிவரக் காற்று, யன்னல் எதற்கு? அப்படியே அன்னபூரணிக்கும் போனார். வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்ற பாய்க்கப்பல் அது. கடல் தெரிந்த வடபகுதியார் எவரும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

மத்தியானம் மகன் ஓட்டோவில் வந்தார். தகடுகளைக் கடதாசியோடு அடுக்கிச் சாக்கில் சுற்றினார்கள். "ஆணியை இறுக்காதேங்கோ அண்ணை, முட்டினதும் விட்டிடுங்கோ" என்று பெடியன் வாசல்வரை வந்து சொன்னான். ஆனியில் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குமுன் வேலை முடியவேண்டுமாம்.

திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். வள்ளத்தில் கீழே இறங்கி இருக்க நேர்ந்தால், திறக்கிற யன்னல் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த யன்னலுக்கு முன்னால் பையை அடுக்காதீர்கள். பாதுகாப்பு அங்கியை மடியில் வைத்திருக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.