பேய்க்கதைக்காரரின் மேசை

2022 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்றில் அமெரிக்காவின் பெரும் பணக்கார எழுத்தாளர் ஒருவர் கூண்டேறிச் சாட்சி சொன்னார். சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தை பென்குயின் ராண்டம் ஹவுஸ் வாங்கக் கூடாது என்று அரசே தொடுத்த வழக்கு அது. சாட்சி, ஸ்டீபன் கிங். விற்பனைக்கு வந்திருந்தது அவருடைய புத்தகங்களை வெளியிடும் நிறுவனம். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, யாரிடமும் சம்பளம் வாங்காமல் எழுதிப் பிழைப்பவன் என்ற பொருளில்தான் பேச்சைத் தொடங்கினார்.

பிழைப்பு என்று பேசுகிறவரின் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அந்தச் செய்தியால்தான். பாஸ்டனில் இருக்கும் என் சித்தி மகன் காரை எடுத்தான். வடக்கே நாலு மணி நேரம் போனால் மெய்ன் மாநிலத்து பாங்கர். ஒரு காலத்தில் மரம் அறுத்துச் செழித்த ஊர். இன்றும் 31 அடி உயர மரவெட்டி சிலை ஒன்று கோடாரியோடு நிற்கிறது. 'இட்' நாவலில் ஒரு பையனைத் துரத்த வருவது இதே சிலைதான்.

வெஸ்ட் பிராட்வேயில் கிங்கின் வீடு. சிவப்பு மாளிகை, இரும்பு வேலியில் வௌவால், சிலந்தி வலை. "என்னண்ணே, பேய் பங்களான்னு பார்த்தா செட்டிநாட்டு வீடு மாதிரி பளபளன்னு இருக்கு!" என்றான் தம்பி. வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே விடமாட்டார்கள். அவருடைய ஆவணங்களை அங்கே வைக்கவும், எழுத்தாளர்கள் சிலர் வந்து தங்கி எழுதவும் 2019இல் நகர மன்றம் அனுமதி கொடுத்திருக்கிறது.

வேலியில் பார்க்க ஒன்றுமில்லை. அவர் உழைத்த இடங்கள்தான் எனக்குப் பெரிதாகப்பட்டன. கல்லூரி முடித்து ஆசிரியர் வேலை கிடைக்காமல், இதே பாங்கரில் ஒரு சலவைக் கூடத்தில் மணிக்கு 1.60 டாலர் கூலிக்கு நின்றவர் அவர். விடுதிகளின் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரித் துணிகள், மீன் உணவகங்களிலிருந்து புழு நெளிய வரும் மேசைத் துணிகள். இயந்திரத்தில் திணிக்கும்போது புழுக்கள் கையில் ஏறுமாம். பிறகு துணி தேய்க்கும் ராட்சத இயந்திரம் ஆளை விழுங்குவதாக ஒரு கதை எழுதினார். அவருடைய பேய்களில் பாதி இப்படி வேலைத்தலத்தில் பிறந்தவை.

பக்கத்து ஊர் ஹெர்மன். அங்கே வாடகைக்கு எடுத்த டிரெய்லர் வீட்டில், துணி துவைக்கும் அறைக்குள், குழந்தைகள் மேசை ஒன்றைத் தொடையில் வைத்து, மனைவி டபிதாவின் ஒலிவெட்டி தட்டச்சுப்பொறியில் 'கேரி' நாவலை எழுதினார். அப்போது ஹாம்ப்டன் பள்ளியில் ஆசிரியர். ஆண்டுச் சம்பளம் 6,400 டாலர். டபிதா டோனட் கடையில் வேலை பார்த்தார். முதல் சில பக்கங்களைக் கசக்கிக் குப்பையில் போட்டவர் கிங். சிகரெட் சாம்பலைத் தட்டி எடுத்துப் படித்து, மேலே எழுது என்றவர் டபிதா.

அந்தத் தொடைமேல் மேசையிலிருந்து என் கவனம் மீளவில்லை. கையில் காசு வந்ததும் அவர் ஆசைப்பட்டதும் ஒரு மேசைக்குத்தான். 1981இல் அறை நடுவே பிரம்மாண்டமான ஓக் பலகை மேசையைப் போட்டார். ஆறு வருஷம் அதற்குப் பின்னால் உட்கார்ந்தது குடிபோதையிலும் மருந்து மயக்கத்திலும். குடியை விட்ட பிறகு அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, பாதி அளவில் ஒன்று செய்வித்து, கூரை சரியும் மூலையில் ஒதுக்கிப் போட்டார். நடுவில் பிள்ளைகள் வந்து உட்காரச் சோபாக்கள். 1999 ஜூனில் சாலையோரம் நடந்துபோனவரை வேன் மோதி எலும்புகள் நொறுங்கின. ஐந்து வாரம் கழித்து, சக்கர நாற்காலியில் இருந்தவருக்கு வீட்டின் பின்பக்க நடையில் ஒரு மேசையை ஒழுங்கு செய்து கொடுத்தவரும் டபிதாதான். வலியோடு அன்று ஒரு மணி நாற்பது நிமிஷம் எழுதினார்.

எழுதும் முறையில் மாயமில்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ராக் இசையை அலறவிட்டு, முன்பெல்லாம் தினம் 2,000 வார்த்தை. 2016இல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினோடு மேடையில் பேசும்போது ஆறு பக்கம் என்றார். கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் விடுமுறை என்று பேட்டிகளில் சொன்னது பொய், அன்றும் எழுதுகிறேன் என்று 'ஆன் ரைட்டிங்' நூலில் ஒப்புக்கொண்டார். முடித்த பிரதி ஆறு வாரமாவது மேசை இழுப்பறையில் கிடக்க வேண்டும். வினையடையை வெட்டு, செயப்பாட்டு வினையைத் தவிர் என்று அதே நூலில் நீளமாகப் பாடம் நடத்துகிறார். எனக்குக் கொட்டாவி வந்தது, விட்டுவிடுகிறேன்.

வாசிப்புதான் என்னை வெட்கப்படவைத்தது. மெதுவாகப் படிப்பவன் என்று சொல்லிக்கொண்டே ஆண்டுக்கு எழுபது, எண்பது புத்தகம் முடிக்கிறார், பெரும்பாலும் புனைவு. டாக்டர் வீட்டு வரிசை, தியேட்டர் வாசல், கழிப்பறை எங்கும் கையில் புத்தகம். காரில் ஒலிநூல். தொடக்கம் சிறுவயதில்: விட்டுப்போன அப்பாவின் பெட்டியை உறவினர் வீட்டுப் பரணில் கிளறியபோது கிடைத்த, திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் கதைத் தொகுப்பு. மட்டமான நாவலும் பாடம்தான் என்கிறார். இதைவிட நன்றாக எழுதலாம் என்ற தைரியத்தை அது தருமாம். நம்மில் எழுத உட்காரும் பலர் படிக்க நேரமில்லை என்கிறோம். அது தொழில் தெரியாதவன் பேச்சு.

திரும்பும் வழியில் ஆரிங்டன். நெடுஞ்சாலையோர வாடகை வீடு, விடாமல் ஓடும் லாரிகள், மகளின் பூனை அடிபட்டுச் செத்தது, சாலையை நோக்கி ஓடிய சின்ன மகன். இதிலிருந்து வந்தது 'பெட் செமட்டரி'. எழுதியவருக்கே பயங்கரமாகப் பட்டு இழுப்பறையில் போட்ட நாவல். அதை 1983இல் வெளியே கொண்டுவந்தது ஒரு ஒப்பந்தம். ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் எடுக்க முடியாதபடி அவருடைய ராயல்டியைத் தேக்கி வைத்திருந்தது பழைய பதிப்பகம். தன் காசைத் தானே மீட்க இந்த நாவலைக் கொடுத்தார்.

'கேரி'க்கு முன்பணம் 2,500 டாலர். மலிவுப் பதிப்பு உரிமை 4 லட்சம் டாலருக்குப் போனபோது ஒப்பந்தப்படி பாதி பதிப்பகத்துக்கு. எழுதியவனுக்கு இரண்டு லட்சம், எழுதாதவனுக்கும் இரண்டு லட்சம். எந்தத் தொழிலில் கூலிக்காரனின் காசு முதலாளியின் கல்லாவில் வருஷக்கணக்கில் தூங்குகிறது? விற்ற கணக்கைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று எங்கே நினைக்கிறார்கள்? எழுத்தில்தான். கோடிகளில் புரளும் கிங் கோர்ட்டுக்குப் போனது தனக்காக இல்லை. வாங்கும் கைகள் குறையக் குறைய, எழுதி வயிறு வளர்ப்பவனுக்கு விலை சொல்லும் பலம் போய்விடும் என்பதற்காக. அக்டோபர் 31 அன்று நீதிபதி இணைப்பைத் தடுத்தார்.

தமிழ்ப் பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் முடிந்ததும் எத்தனை பிரதி அச்சடித்தீர்கள், எத்தனை விற்றது என்று ஒரு தாளில் எழுதி எழுத்தாளருக்கு அனுப்புங்கள். பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.