'இனஃப்' எங்கே நிக்கணும்?

1/ வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. தேர்வுக்குப் படிக்கிற எங்க வார்டு சிஸ்டர்ஸ் என்கிட்ட அடிக்கடி கேட்கிற சந்தேகம் இது. 'இனஃப் ஃபிட்' சரியா? இல்லைங்க, 'ஃபிட் இனஃப்'. பெயரடைக்குப் பின்னாடி, பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி: 'இனஃப் பிளட்'. தமிழ்ல 'போதுமான' எப்பவும் முன்னாடியே நிக்கும். அதான் தடுமாறுது.

2/ ரெண்டும் சேர்ந்து வந்தா கவனமா இருங்க. 'இனஃப் க்ளீன் வாட்டர்' என்றால் சுத்தமான தண்ணீர் தேவையான அளவு இருக்கு. 'க்ளீன் இனஃப் வாட்டர்' என்றால் இருக்கிற தண்ணீர் தேவையான அளவு சுத்தம்.

3/ முதலாவது லிட்டர் கணக்கு. பேரிடர் முகாம்களுக்கு ஸ்பியர் கையேடு சொல்றது, ஒருத்தருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர். ரெண்டாவது குளோரின் கணக்கு.

4/ வயித்துப்போக்கு பரவுற ஊரைப் பற்றி ரிப்போர்ட் எழுதும்போது இதை மாத்தி எழுதிட்டா, குளோரின் போக வேண்டிய ஊருக்கு டேங்கர் லாரிதான் போகும்.