கூவக் கரையில் ஒரு காலை

தை மாதத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்ததும், நண்பர் இருவருடன் பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் புறப்பட்டோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நம் பங்குப் பேரவை உறுப்பினர். மற்றவர் பறவைகளைப் படம் பிடிப்பதில் பேரார்வம் கொண்ட இளைஞர். சாலை கூவம் ஆற்றைக் கடக்கும் பருத்திப்பட்டில் இறங்கி, கரையோரமாகத் திருவேற்காட்டுத் திசையில் நடந்தோம்.

கூவம் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். ஆயினும், திருவள்ளூர் மாவட்டத்தில் அதே பெயருடைய சிற்றூரின் பக்கம் தோன்றி, நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கும் இவ்வாறு, பிறவியிலேயே சாக்கடையன்று. மழைக்காலம் கழிந்த அந்நாளில் நீர் சலசலத்து ஓடிற்று. நத்தைகுத்தி நாரையொன்று சேற்றில் இரை தேடிற்று. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிந்தது. கருப்பு வெள்ளை மீன்கொத்தியோ, ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்று, கல் விழுவதுபோல் நீரில் பாய்ந்தது. வானத்துப் பறவைகளை நோக்கச் சொன்ன ஆண்டவரை நினைந்து உள்ளம் குளிர்ந்தோம்.

இளைஞர் மட்டும் நிலைகொள்ளாமல் இடம் மாறிக்கொண்டேயிருந்தார். காரணம் கேட்டோம்.

“படத்தில் குப்பை விழாமல் எடுக்க வேண்டுமே, சுவாமி!” என்றார்.

அப்போதுதான் கரையைக் கூர்ந்து நோக்கினோம். நெகிழிப் பைகள், உணவுத் தட்டுகள், குவளைகள். ஆசிரியர் குனிந்து ஒரு தாளை எடுத்து, ஒன்றும் பேசாமல் நம்மிடம் நீட்டினார். அது நம் பங்குத் திருவிழாவின் நவநாள் அறிக்கை!

திருவிழா விருந்து முடிந்தபின், குப்பையை அகற்ற வண்டிக்காரருக்குக் கூலி கொடுத்தோம். எங்கே கொட்டுவாய் என்று கேட்டோமில்லை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டபோது, படைப்பைப் பேணுதல் பற்றி நீண்ட மறையுரை ஆற்றியவரும் நாமே. அவ்வாண்டு டிசம்பர் வெள்ளத்தில் கூவமும் அடையாறும் பெருகி வீடுகளில் புகுந்தபோது, ஆற்றின்மேல் பழி சுமத்தியவரும் நாமே.

“இதையும் படம் எடுங்கள், தம்பி” என்றோம்.

மீன்கொத்தியின் படத்தையும் குப்பையின் படத்தையும் கோவில் அறிவிப்புப் பலகையில் அடுத்தடுத்து மாட்டினோம். பங்கின் மானத்தைக் கெடுப்பதா எனச் சிலர் முணுமுணுத்தனர். அடுத்த திருவிழாவில் வாழையிலையில் பரிமாறினோம். எச்சில் இலைகளைக் கோவில் தோட்டத்துக் குழியிலேயே எருவாக்கினோம். முணுமுணுத்தவர்களும் மண்வெட்டியுடன் வந்தனர்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் குப்பை எங்கே போய்ச் சேருகிறது? ஒருமுறை பின்தொடர்ந்து சென்று பாருங்கள்.