கழியும் கட்டணமும்

நுழையும்முன்

நாம் வாழும் ஊரிலேயே நாம் காணாத இடங்கள் பல உள்ளன. அவற்றைக் காணச் செல்லும்போது நுழைவுச்சீட்டு வாங்குகிறோம். சீட்டில் எழுதப்பட்ட தொகை எதற்கு உரியது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மும்பைக்கும் நவி மும்பைக்கும் நடுவே, தாணே வரையில் கடல்நீர் உட்புகுந்து கிடக்கும் நீண்ட நீர்ப்பரப்பே தாணேக் கழி. கார்த்திகை தொடங்கி வைகாசி வரை பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இங்கு வந்து தங்குகின்றன. மராத்தியர் இப்பறவையை ‘ரோகித்’ என்பர். மராட்டிய அரசு 2015ஆம் ஆண்டு இக்கழியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,690 ஹெக்டேர். அதில் 896 ஹெக்டேர் அலையாத்திக் காடு, எஞ்சியது நீர்ப்பரப்பு.

தாணேயில் வாழும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, பள்ளிப் பேருந்து ஐரோலிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் தொலைவில் தெரியும் இளஞ்சிவப்புக் கோட்டைக் கண்டு வியப்பாள். அருகில் சென்று காணும் வாய்ப்பு ஏழாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின்னரே கிட்டியது. சிதம்பரத்தை அடுத்த கிள்ளையிலிருந்து தாத்தாவும் அப்போது வந்திருந்தார். பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், தந்தையின் வார விடுமுறை நாளில், நால்வரும் ஐரோலியில் உள்ள கடலோரப் பல்லுயிர் மையத்திற்குச் சென்றனர்.

சீட்டு வழங்குமிடத்தின் அருகே கட்டணப் பலகை இருந்தது. சிறுமி அதனை வரிவரியாகப் படித்தாள். மையத்திற்குள் நுழைய ஒரு கட்டணம். படகில் செல்ல வேறொரு கட்டணம். வேலை நாளில் ஒரு தொகை. விடுமுறை நாளில் அதனினும் கூடுதலான தொகை. தாத்தா அவளருகே வந்து படகுக் கட்டணத்தை நான்கால் பெருக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“தண்ணீரையும் மரத்தையும் பார்க்க இவ்வளவு பணமா? நீங்கள் மூவரும் சென்று வாருங்கள். நான் கரையிலேயே இருக்கிறேன். நான் பார்க்காத கழியா?” என்றார்.

அவர் கூற்றில் உண்மை இருந்தது. அவர் முப்பது ஆண்டுகள் பிச்சாவரத்தில் துடுப்பு வலித்தவர். தாணேக் கழியும் பிச்சாவரமும் 2022ஆம் ஆண்டிலேயே உலகளாவிய சிறப்புடைய ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. இரண்டும் அலையாத்தி வளரும் நிலங்களே. ஆயினும் சிறுமிக்கு வருத்தம் மேலிட்டது. “படகுக்குக் கட்டணம் சரி. உள்ளே நுழைவதற்கு ஏன் தனிக் கட்டணம், அப்பா?” என்று வினவினாள்.

தந்தை பொறுமையாக விளக்கினார். “சரணாலயம் என்பது முதலில் பறவைக்கும் விலங்குக்கும் உரிய வீடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்குச் சுற்றுலாவாகச் செல்ல இசைவு பெற வேண்டும். அதற்குரிய கட்டணமும் செலுத்த வேண்டும். தேசியப் பூங்காவிற்கும் இதே விதிதான். படகுக் கட்டணம் அதனின் வேறானது. அது எரிபொருளுக்கும் படகோட்டிக்கும் பாதுகாப்புக்கும் உரியது. தேக்கடியிலும் பூங்கா நுழைவுக்கு ஒரு சீட்டு, ஏரிப் படகுக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியே வாங்க வேண்டும்.”

“படகில் இன்னும் பலரை ஏற்றினால் கட்டணம் குறையுமே?” என்றாள் சிறுமி.

இதற்குத் தாத்தாவே விடை கூறினார். “கூடாதம்மா. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் மாண்டனர். அன்று முதல் எங்கள் படகில் ஒருவர் கூடுதலாக ஏற வந்தாலும் நான் துடுப்பைத் தொடமாட்டேன். இருக்கைக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரு மிதவைச் சட்டை. குறைவானோர் ஏறினால் ஆளுக்குரிய செலவு கூடத்தான் செய்யும்.”

கூறியவர் சற்றே நிறுத்தினார். பின்னர், “சீட்டு விலையில் பேரம் பேசுவோரைக் கண்டால் எனக்கு அந்நாளில் சினம் வரும். அவர்கள் குறைக்கச் சொல்வது எங்கள் கூலியை அல்லவா? இன்று நானே பேரம் பேச வந்துவிட்டேன்” என்று மெல்லச் சிரித்தார்.

“நால்வருக்கும் எண்ணித்தான் அழைத்து வந்தேன், அப்பா. வேலை நாளாகத் தேர்ந்ததும் அதற்காகவே” என்றார் தந்தை. தாத்தா மறுமொழி கூறவில்லை. படகுத்துறையை நோக்கி முதலில் நடந்தவர் அவரே.

கடல் ஏற்றத்தின் நேரம் நோக்கியே இங்குப் படகு புறப்படுகிறது. வற்றிய வேளையில் சேற்றில் சிக்கிக்கொள்ளும். அன்று காலை பத்தரை மணிக்கு நீர் ஏறியது. இருமருங்கும் கண்டல் மரங்கள் சேற்றினின்று வேர்களை நிமிர்த்தி நின்றன. கழி அகன்ற இடத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் தலைகீழாக அலகை நீரில் அமிழ்த்தி இரை தேடின. அவை உண்ணும் பாசியே இறகுக்கு அந்நிறத்தை அளிக்கிறது. படகோட்டி பறவைகளுக்கு வெகு தொலைவிலேயே பொறியை அணைத்தார். “நல்ல கை” என்றார் தாத்தா. மொழி புரியாவிடினும் படகோட்டி தலையசைத்தார்.

கட்டணத்தின் பயன் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 2004ஆம் ஆண்டு ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. பார்வையாளர் செலுத்தும் தொகையின் ஒரு பகுதி அதன் வழியே காட்டின் காவலுக்கும் அருகில் வாழ்வோர் நலனுக்கும் செல்கிறது. முன்னர்க் காட்டில் மரப்பட்டை திருடியோர் சிலர் இன்று அங்கே வழிகாட்டிகளாக உள்ளனர். படகிலேயே சுற்றிக் காணப்படும் கலாபகசுத் தீவுகளில் 2024 ஆகஸ்டு முதல் வெளிநாட்டவர்க்கான நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. எக்குவடோர் நாட்டவர்க்கு அது 30 டாலர். தம் நிலத்தைத் தம் மக்களே காண இயலாமல் போகக் கூடாது என்னும் கருத்து அவ்வேறுபாட்டில் உள்ளது.

அன்றிரவு சிறுமி நால்வரின் சீட்டுகளையும் ஏட்டில் ஒட்டினாள். நுழைவுச்சீட்டின் கீழே ‘பறவையின் வீட்டிற்கு’ என்றும், படகுச்சீட்டின் கீழே ‘துடுப்பு வலிப்பவருக்கு’ என்றும் எழுதினாள். பின்னர் எழுதுகோலை வைக்காமல் மூன்றாவது வரி ஒன்றையும் சேர்த்தாள்: ‘கழிக்கரையில் குடிசையில் வாழும் பிள்ளைகள் எப்போது படகில் செல்வார்கள்?’

தாத்தா அதனைப் படித்தார். “இந்த வினாவை உன் பள்ளியில் கேள், அம்மா” என்றார்.

சொல்லும் பொருளும்

கழி – கடல்நீர் உட்புகுந்த நீர்ப்பரப்பு
கண்டல் – அலையாத்தி மரவகை
இசைவு – அனுமதி
மருங்கு – பக்கம்

சிந்தித்து எழுதுக

1. நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. தாத்தா தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டது ஏன்?
3. சிறுமி எழுதிய மூன்றாவது வரிக்கு நீ கூறும் விடை யாது?