முதலாளி மறைந்தார்... ரயில் நிற்கவில்லை! - வேல்ஸ் மலையடிவாரத்தில் ஒரு குட்டி ரயில் பயணம்

பிளாட்பாரத்தில் பச்சைக் கொடியோடு நிற்கிறார் கார்டு. யூனிஃபார்மைப் பார்த்தால், பல வருடம் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால், இங்கே கொடி காட்டுபவர், டிக்கெட் கொடுப்பவர், இன்ஜினில் கரி அள்ளிப் போடுபவர், டீக்கடையில் கேக் எடுத்து வைப்பவர் என்று பெரும்பாலானவர்களுக்குச் சம்பளமே கிடையாது. விடுமுறை நாள்களில் சொந்தச் செலவில் வந்து, ரயில் ஓட்டிவிட்டுப் போகிறார்கள்!

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கடலோரச் சிற்றூரான டவினில் இருந்து புறப்படுகிறது டாலிலின் ரயில். மொத்தத் தூரமே 11.7 கிலோமீட்டர்தான். தண்டவாளத்தின் அகலம் வெறும் இரண்டே கால் அடி. உலகிலேயே முதன்முதலாகத் தன்னார்வலர்கள் சேர்ந்து காப்பாற்றிய ரயில்பாதை இதுதான்.

சிலேட்டுக்காக வந்த ரயில்

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் எழுதிய சிலேட்டு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கல்தான் வேல்ஸ் மலைகளின் சொத்து. வீட்டுக்கூரைக்கு ஓடாகப் போடுவதற்காக இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது. பிரின் எக்லுவிஸ் என்ற மலைச் சுரங்கத்தில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கீழே கொண்டுவருவதற்காக, 1865-ல் இந்தப் பாதையைப் போட்டார்கள்.

அடுத்த வருடம், பயணிகளை ஏற்ற அனுமதி கேட்டபோது ஒரு சிக்கல். அரசு ஆய்வாளர் வந்து பார்த்தால், பாதைக்கு மேலே செல்லும் பாலங்கள் ரொம்பவே குறுகல்! பெட்டிக்கும் பாலத்தின் சுவருக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை. வழியில் ரயில் நின்றுவிட்டால், கதவைத் திறந்து யாரும் இறங்க முடியாது. பாலத்தையெல்லாம் இடித்துக் கட்டப் பணம்? அதற்குப் பதிலாக, பாலங்களுக்கு அடியில் தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். இன்னொரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இன்றைக்கும் இந்த ரயிலில் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறி இறங்க முடியும்.

கொடுத்த வாக்கு

1911-ல் சுரங்கத்தையும் ரயிலையும் சேர்த்து வாங்கினார் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ். டவினில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அந்தத் தொகுதியின் எம்.பி.யும்கூட. சிலேட்டு வியாபாரம் வருடத்துக்கு வருடம் படுத்துக்கொண்டே போனது. 1946 டிசம்பரில் சுரங்கம் சரிந்து, அதையும் மூட வேண்டியதாகிவிட்டது. ஏற்றிச் செல்லக் கல் இல்லை, பயணிகளும் குறைவு. ஆனாலும், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று ஊர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கையை விட்டுக் காசு போனாலும், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

1948-ல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டபோது, இந்தக் குட்டி ரயில் அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. 1950 ஜூலையில் ஹெய்டன் ஜோன்ஸ் காலமானார். வாக்குக் கொடுத்தவரே போய்விட்டார். இனி ரயில் எதற்கு? தண்டவாளத்தைப் பெயர்த்து, பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வெளியூர்க்காரர்கள் வந்தார்கள்

எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. 1950 அக்டோபர் 11-ம் தேதி, பர்மிங்ஹாமில் ஒரு ஹோட்டலில் அவரும் நண்பர்களும் கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் சுமார் 70 பேர். ரயிலை நாமே நடத்தினால் என்ன என்பதுதான் பேச்சு. பெரும்பாலானவர்களுக்கு ரயில் ஓட்டிய அனுபவம் கிடையாது. ஹெய்டன் ஜோன்ஸின் மனைவி சம்மதம் சொல்ல, ரயில் இவர்கள் கைக்கு வந்தது.

என்ன நிலைமையில் வந்தது தெரியுமா? இருந்தவை இரண்டே இன்ஜின்கள். இரண்டுமே 1860-களில் செய்தவை. அதில் ‘டாலிலின்’ ஓடும் நிலையிலேயே இல்லை. ‘டோல்கோக்’ மட்டும் எப்படியோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கட்டைகள் உளுத்துப்போய்விட்டன. தண்டவாளத்தைப் பிடித்து வைத்திருப்பது ஆணியா, புல்லின் வேரா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் புதர்.

1951 மே 14. தன்னார்வலர்களின் முதல் ரயில் புறப்பட்டது. நான்கு கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். இழுத்தது அதே டோல்கோக் கிழவிதான். அதே வருடம், பக்கத்தில் மூடப்பட்டிருந்த கோரிஸ் ரயில்பாதையின் இரண்டு இன்ஜின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதற்கும் இதே இரண்டே கால் அடி அகலம்தான் என்பது அதிர்ஷ்டம். 1976-ல், கல் வண்டிகள் மட்டுமே போன மலைப்பாதையைச் சீர்படுத்தி, பயணிகள் ரயிலை நான்ட் குவெர்னோல் வரை நீட்டினார்கள்.

1952-ல் இங்கே கார்டு வேலை பார்க்க ஒரு பாதிரியார் வந்தார். பெயர், டபிள்யூ. ஆட்ரி. ஆமாம்... குட்டீஸ்களின் ஃபேவரைட் ‘தாமஸ்’ ரயில் கதைகளை எழுதினாரே, அவரேதான்! சிற்றுண்டி விற்கும் பெண்மணி ஏறுவதற்கு முன்பே கொடி காட்டி, அவரை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு அதையே ஒரு கதையாகவும் எழுதிவிட்டார். அவர் கதைகளில் வரும் ‘ஸ்கார்லோயி’, ‘ரெனியஸ்’ இருவரும் வேறு யாருமில்லை. இங்குள்ள டாலிலினும் டோல்கோக்கும்தான்.

ஜன்னலோரம்...

வார்ஃப் ஸ்டேஷனில் புறப்பட்டு, ஊரைத் தாண்டியதும் பச்சைப் பசேல் வயல்கள், செம்மறி ஆடுகள். பிறகு பள்ளத்தாக்கின் ஓரமாக ஏற ஆரம்பிக்கிறது ரயில். ஓக் மரக் கிளைகள் ஜன்னலை உரசும் தூரத்தில் நிற்கின்றன. மூன்று வளைவுகள் கொண்ட உயரமான பாலத்தைக் கடந்தால், டோல்கோக் ஸ்டேஷன். இங்கே இறங்கி, அருவியைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்பவர்கள் உண்டு. அடுத்து, சுரங்கத் தொழிலாளர்களுக்காக உருவான அபர்கினோல்வின் கிராமம். கடைசி ஸ்டேஷனான நான்ட் குவெர்னோலுக்குச் சாலையே கிடையாது. ரயிலில் போகலாம் அல்லது நடந்து போகலாம். அவ்வளவுதான். இறங்கினால் ஓடையின் சத்தமும், இன்ஜின் விடும் பெருமூச்சும் மட்டும் கேட்கும்.

இனி யார் ஓட்டுவார்கள்?

2021-ல், இந்த ரயிலும் சுரங்கமும் அடங்கிய சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. பெருமைதான். ஆனால், பட்டம் கிடைத்தால் பாய்லர் சூடாகிவிடாது.

பிரிட்டனின் கடைசி பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. அது இருந்ததும் இதே வேல்ஸில்தான். நிலக்கரி பூமியில் ஓடும் நீராவி ரயில்கள், வெளிநாட்டுக் கரியை எதிர்பார்க்க வேண்டிய நிலைமை. அதைவிடப் பெரிய கேள்வி, ஆள்கள். 1951-ல் புதர் வெட்டிய தலைமுறை ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. நீராவி இன்ஜினை ஓட்டுவது புத்தகத்தில் படித்து வரும் வேலை அல்ல. இன்ஜினைத் துடைப்பதில் தொடங்கி, கரி போடக் கற்று, பல வருடம் கழித்துத்தான் டிரைவர் ஆக முடியும். ஒரு தலைமுறை சொல்லிக்கொடுக்காமல் போனால், அடுத்தது வெறும் இரும்பைத்தான் வைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் சிறுவர்களையும் இப்போதே தண்டவாளத்துக்கு அழைத்து வந்து பழக்குகிறார்கள்.

ஹெய்டன் ஜோன்ஸ் கொடுத்த வாக்கு, அவர் உயிரோடு இருக்கும்வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு நாளும், யாரும் கேட்காமலேயே யாரோ கொடுத்த வாக்கு!

போக நினைப்பவர்களுக்கு...

* பர்மிங்ஹாமில் இருந்து டவினுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். வழியில் ரயில் இரண்டாகப் பிரியும் என்பதால், சரியான பெட்டியில் ஏறுவது முக்கியம்.

* டவின் ஸ்டேஷனில் இருந்து வார்ஃப் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம்.

* குளிர்காலத்தில் ரயில்கள் குறைவு. தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

* வேல்ஸில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். குடையை மறக்காதீர்கள்.

* வார்ஃப் ஸ்டேஷனிலேயே குட்டி ரயில்களுக்கான மியூசியம் இருக்கிறது. குழந்தைகளோடு போனால், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.