கடை திறந்துதான் இருக்கு... வழிதான் மாறியிருக்கு! - ஆழ்வார்பேட்டையில் ஒரு மாலை நடை

ஆழ்வார்பேட்டையில் வழி கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்வதில்லை. சொன்னாலும் பழைய எண்ணா, புதிய எண்ணா என்று அடுத்த கேள்வி வரும். "ஆஞ்சநேயர் கோயில்கிட்ட இறங்கிடுங்க", "பார்க் ஷெரட்டன் தாண்டி லெஃப்ட்ல போங்க" என்பதுதான் இங்கே முகவரி. ஆஞ்சநேயர் டி.டி.கே. சாலையில் அதே இடத்தில் இருக்கிறார். பார்க் ஷெரட்டன்தான் இல்லை. 1981-ல் தொடங்கி, பல பெயர்கள் மாறி, கடைசியில் கிரவுன் பிளாசா ஆன அந்த ஹோட்டல் 2023 டிசம்பர் 20-ம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஆட்டோக்காரர்களைப் பொறுத்தவரை அது இன்னமும் பார்க் ஷெரட்டன் ஸ்டாப்தான்.

இல்லாத ஹோட்டலை வைத்து வழி சொல்லும் ஊரில், இருக்கிற கடைக்கு வழி தெரியாமல் போவது எவ்வளவு விநோதம்! இப்போது ஆழ்வார்பேட்டையில் அதுதான் நடக்கிறது. காரணம், மெட்ரோ.

வெளியூர்க்காரர்களுக்கு ஆழ்வார்பேட்டை என்றால் வி.ஐ.பி. ஏரியா. சித்தரஞ்சன் சாலையில் மு.க.ஸ்டாலின் வீடு. எல்டாம்ஸ் சாலையில் கமல் அலுவலகம். ரசிகர்கள் அவருக்கு 'ஆழ்வார்பேட்டை ஆண்டவர்' என்றே பட்டம் கொடுத்துவிட்டார்கள். 2004-ல் வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் இந்தப் பேட்டையின் பெயரிலேயே ஒரு பாட்டு தொடங்கும். அதே எல்டாம்ஸ் சாலையில்தான் திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி.ராமசாமி ஐயரின் 'தி குரோவ்' வீடும் இருக்கிறது. இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளை அங்கே இயங்குகிறது. கைத்தறிக் கண்காட்சி, ஓவியக் கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கஸ்தூரி ரங்கா சாலைக்குப் போனால் ரஷ்ய கலாசார மையம்.

இந்தப் பெரிய பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கீழே பார்த்து நடந்தால் வேறொரு ஆழ்வார்பேட்டை தெரியும். மரத்தடியில் இஸ்திரி வண்டி, மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின், டூப்ளிகேட் சாவி போடுபவர், ஜெராக்ஸ் கடை, இளநீர் வண்டி, கோயில் வாசல் பூக்கூடை. பேட்டை என்ற சொல்லுக்கே சந்தை கூடும் இடம் என்றுதான் பழைய பொருள். ஆழ்வார் பெயரும் பக்கத்து ஊர்த் தொடர்புதான். பேயாழ்வார் அவதரித்தது மயிலாப்பூரில் என்பது வைணவ மரபு. ஆக, பெயரின் முன்பாதி பக்தி, பின்பாதி வியாபாரம். சனிக்கிழமை மாலை ஆஞ்சநேயர் கோயில் பக்கம் நின்று பார்த்தால், இரண்டு பாதியும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொண்டு நிற்பது தெரியும். வெற்றிலை மாலை, வடைமாலை, துளசி, செருப்பு பார்த்துக்கொள்பவர், "சார், வண்டியை கொஞ்சம் முன்னாடி எடுங்க" என்று கத்தும் டிராஃபிக் போலீஸ்காரர்.

பெயர் மாறும், வாய் மாறாது

டி.டி.கே. சாலைக்குப் பழைய பெயர் மௌபரீஸ் ரோடு. ஜார்ஜ் மௌபரி என்ற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி அடையாறு ஆற்றங்கரையில் கட்டிய மாளிகைக்குப் போகும் வழி இது. அந்த மாளிகை இப்போது மெட்ராஸ் கிளப் வசம் இருக்கிறது. பிறகு மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பெயர் சாலைக்கு வந்தது. அவர் பெயரும் மூன்று எழுத்தாகச் சுருங்கிவிட்டது. டி.டி.கே. என்றால் பிரெஷர் குக்கர் நினைவுக்கு வருபவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இன்னும் வேடிக்கையானது கே.பி.தாசன் ரோடு. யாரோ கே.பி.தாசன் என்ற பெரிய மனிதர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கவிஞர் பாரதிதாசன் சாலை! ஆங்கிலத்தில் சுருக்கப் போய், புரட்சிக்கவிஞர் இனிஷியல் வைத்த கான்ட்ராக்டர் மாதிரி ஆகிவிட்டார். நல்லவேளை, மெட்ரோ நிலையப் பட்டியலில் 'பாரதிதாசன் சாலை' என்று முழுசாக இருக்கிறது. சேமியர்ஸ் ரோடு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலையாகிப் பல காலம் ஆகியும், அங்கே இருக்கும் கடைகளின் விசிட்டிங் கார்டில் சேமியர்ஸ் ரோடுதான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பேட்டையின் மேப் போனில் இல்லை, ஆட்களின் வாயில் இருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே வழியில் நடந்து பழகிய கால்களில் இருக்கிறது. அந்த வழியை மறித்து ஒரு தடுப்பு வைத்தால், மேப்பே கலைந்துவிடும்.

தடுப்புக்குப் பின்னால்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இதில் நான்காவது வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை, 26.1 கிலோமீட்டர். (மூன்று வழித்தடத்தில் நான்காவது எப்படி என்று குழம்ப வேண்டாம். முதல் கட்டத்தில் இரண்டு இருக்கிறது. எண் தொடர்கிறது.) கடற்கரையிலிருந்து கச்சேரி சாலை, திருமயிலை, ஆழ்வார்பேட்டை, பாரதிதாசன் சாலை, போட் கிளப், நந்தனம், பனகல் பூங்கா என்று பூமிக்கு அடியிலேயே வந்து, கோடம்பாக்கம் தாண்டித்தான் மேலே ஏறும். சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு 'ஃபிளமிங்கோ' என்று பெயர் வைத்து, 2023 செப்டம்பரில் கலங்கரை விளக்கம் பக்கம் இறக்கினார்கள். பின்னாலேயே 'ஈகிள்' இறங்கியது. இரண்டும் பறவைகள். வேலை மட்டும் எலி வேலை.

சுரங்கம் தோண்டுவது நமக்குத் தெரிவதே இல்லை. அது காலுக்குக் கீழே போய்விடும். தெரிவது நிலையம். நிலையத்துக்கு மேலிருந்துதான் பள்ளம் எடுக்க வேண்டும். அதற்குச் சாலையில் பாதியை அடைக்க வேண்டும், கேபிள்களையும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் இடம் மாற்ற வேண்டும், பஸ்ஸைச் சுற்றி விட வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் முடியும் வேலை இல்லை, வருஷங்கள் ஆகும். அண்ணா சாலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதல் கட்டத்தில் அவர்கள் தடுப்புகளோடு வாழ்ந்து, 2019 பிப்ரவரி 10-ல்தான் வண்ணாரப்பேட்டை - ஏ.ஜி. டி.எம்.எஸ். பாதை திறந்தது. இப்போது அங்கே தடுப்புகள் நின்றது யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. ஆனால் அத்தனை வருஷமும் வாடகை கட்டிய கடைக்காரருக்கு ஞாபகம் இருக்கும்.

பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் உள்ள வித்தியாசம் தடுப்பு வந்ததும்தான் புரிகிறது. காவேரி மருத்துவமனையைத் தேடி வருபவர் எத்தனை யு-டர்ன் போட்டாவது வந்து சேருவார். ஜூவல்லரிக்காரர் முழுப்பக்க விளம்பரத்தில் மேப் போடுவார். தையல்காரருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் அந்த வழி இல்லை. அவர்களுடைய வியாபாரம் பெரும்பாலும் 'போகிற வழியில்' நடப்பது. பஸ் ஸ்டாப் நூறு மீட்டர் தள்ளிப்போனால், பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருபவர் அந்த நூறு மீட்டரில் இன்னொரு தையல் கடையைப் பார்த்துவிடுவார். அப்படி ஒரு முறை போனவர் திரும்பி வருவது கஷ்டம்.

அதனால்தான் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் துணியிலும் பிளக்ஸிலும் அந்த ஒரே வாசகத்தைப் பார்க்கிறோம். 'கடை திறந்திருக்கிறது'. கூடவே ஒரு அம்புக்குறி. சாதாரண ஊரில் கடை திறந்திருப்பது ஒரு செய்தியா? இங்கே செய்திதான். தடுப்பில் எந்த இடத்தில் இடைவெளி, அதில் நுழைந்தால் எந்தக் கடை, மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்குமா என்பதெல்லாம் முக்கியச் செய்தி. எந்த டி.வி.யிலும் வராது.

நாலு தெருவுக்கு ஒரு பேப்பர்

இப்படிப்பட்ட செய்திக்கென்றே இந்தப் பக்கத்தில் ஒரு பேப்பர் வந்தது. 1994-ல் பத்திரிகையாளர் வின்சென்ட் டிசோசா தொடங்கிய 'மயிலாப்பூர் டைம்ஸ்'. ஆங்கில வாரப் பத்திரிகை, இலவசம். மயிலாப்பூர் என்று பெயர் இருந்தாலும் ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி, ஆர்.ஏ.புரம் எல்லாம் அதன் எல்லைக்குள். அடையாறுக்கு 'அடையாறு டைம்ஸ்', மாம்பலத்துக்கு 'மாம்பலம் டைம்ஸ்' என்று தென் சென்னைக்கே உரிய ஒரு பழக்கம் இது. எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தப் பள்ளியில் ஆண்டு விழா, எந்த மாமி வீட்டில் ஊறுகாய் கிடைக்கும் என்பது வரை வரும். இரண்டு அங்குல விளம்பரத்தில் டியூஷன் டீச்சரும் கேட்டரிங்காரரும் பிழைத்தார்கள்.

ஆகஸ்ட் 22-ம் தேதி நாம் கொண்டாடும் மெட்ராஸ் டேகூட, டிசோசா, வரலாற்றாளர் எஸ்.முத்தையா, சசி நாயர் ஆகியோர் 2004-ல் தொடங்கிவைத்ததுதான். மாட வீதியில் நூற்றுக்கணக்கானோர் கோலம் போடும் மயிலாப்பூர் திருவிழாவும் டிசோசா ஆரம்பித்ததே. 'நாலு தெரு செய்தி எல்லாம் ஒரு செய்தியா' என்று கேட்பவர்களுக்கு, அந்த நாலு தெருவிலிருந்து கிளம்பியதுதான் இவை.

இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் குரூப் செய்கிறது. அபார்ட்மென்ட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. வேகம் அதிகம், மறுக்க முடியாது. தண்ணீர் லாரி எந்த முனையில் நிற்கிறது என்று நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல். குரூப்பில் இருப்பவர்கள் குடியிருப்பவர்கள். இஸ்திரிக்காரரும் பூக்காரம்மாவும் அதில் இல்லை. அவர்கள் வண்டியை நகர்த்தச் சொல்லும் மெசேஜ் மட்டும் அதில் வரும். காலையில் வந்த 'குட்மார்னிங்' ரோஜாப்பூக்களுக்கு அடியில், சாலை மாற்ற அறிவிப்பு புதைந்தும் போய்விடும்.

இன்னொன்று கூகுள் மேப். தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கடையைத் தேடி வந்து, வழி கிடைக்காமல் திரும்பிய யாராவது 'தற்காலிகமாக மூடப்பட்டது' என்று பரிந்துரை போட்டுவிட முடியும். கடைக்காரர் தன் கடையை அதில் பதிவு செய்து வைக்காவிட்டால், தன் கடை 'மூடியிருப்பது' அவருக்கே தெரியாது! பதிவு செய்ய காசு கிடையாது. உங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் இருக்கும் காலேஜ் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம்.

நடைபாதைக் கடைக்காரர்களுக்குச் சட்டமே இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், 2014. அதன்படி 30 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் ஒருவரை இடம் மாற்றவோ அகற்றவோ கூடாது. மாநகராட்சி கொடுக்கும் அடையாள அட்டையை பத்திரமாக வைத்துக்கொள்வது முக்கியம். ஆழ்வார்பேட்டை, சென்னை மாநகராட்சியின் 9-வது மண்டலமான தேனாம்பேட்டையில் வருகிறது. தெருவிளக்கு, குப்பை, நடைபாதைப் பள்ளம் எல்லாவற்றுக்கும் 1913-க்குப் பேசலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் பிடி.

டிசம்பர் வரட்டும்

இந்தக் கடைக்காரர்கள் பலரும் காத்திருப்பது டிசம்பருக்கு. டி.டி.கே. சாலையின் வடக்கு முனையில் மியூசிக் அகாடமி. 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிப் பிறந்த அமைப்பு. அதே சாலையில் 1958-ல் தொடங்கிய நாரத கான சபா. சீசன் வந்தால் காலை எட்டு மணிக்கே பட்டுப்புடவைகள் ஆட்டோவிலிருந்து இறங்கும். கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள்கூட கேன்டீனுக்கு வருவார்கள். பூ விற்கும், இளநீர் விற்கும், அயர்ன் பண்ணிய வேட்டி விற்கும் (அதாவது, அயர்ன் பண்ண ஆள் வரும்). வெளிநாட்டிலிருந்து வந்த மாமாக்கள் அறுந்த செருப்பைத் தைக்க ஆள் தேடுவார்கள்.

அவர்களில் பலருக்குத் தெரிந்த ஆழ்வார்பேட்டை, போன முறை வந்தபோது பார்த்தது. பார்க் ஷெரட்டனில் திரும்பச் சொல்லி ஆட்டோவில் ஏறுவார்கள். தடுப்பைப் பார்த்ததும் இறங்கி விழிப்பார்கள். அப்போது வழி சொல்லப்போவது பூக்காரம்மாதான்.

நீங்கள் போவதாக இருந்தால் காரை மறந்துவிடுங்கள். இப்போதைக்குப் பக்கத்தில் இருக்கும் மெட்ரோ நிலையம் அண்ணா சாலையில் உள்ள தேனாம்பேட்டை. அங்கே இறங்கி எல்டாம்ஸ் சாலை வழியாக நடந்தால் நிழலுக்குக் குறைவில்லை. சனிக்கிழமை என்றால் கோயில் கூட்டத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பட்டன் அறுந்த சட்டை, ஜிப் போன பை ஏதாவது வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். தடுப்பில் அம்புக்குறி போட்ட இடத்தில் உள்ளே நுழைந்து பாருங்கள், தையல்காரர் உள்ளேதான் இருப்பார்.